மாசி மாத ஒகேனக்கல்



தருமபுரிக்காரனுக்கு ஒகேனக்கல் என்பது சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிற இடம். நமக்காகப் போவது அபூர்வம். நானும் அப்படித்தான். இந்த 68 வயதுக்குள் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், பள்ளிக்கூட முழு ஆண்டு விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று எல்லாமே கூட்டம் நெரிகிற நாட்கள்தான். கூட்டம் இல்லாத ஒரு நாளில் போனது இந்த மாசி மாதம்தான் முதல் தடவை.

அதற்குக் காரணம் என் மகள். அவளும் மாப்பிள்ளையும் பிரான்ஸ் தேசத்தின் தெற்குக் கோடியில், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். "குளிர் காலத்துல வாங்கப்பா, அப்போ இங்க ஆஃப் சீசன், கூட்டமே இருக்காது" என்று இரண்டு வருடமாக அழைத்துக்கொண்டிருக்கிறாள். என் மனைவிக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆன பிறகு அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று தட்டிக் கழித்துவிட்டோம்.

தை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் கடற்கரையில் நடந்துகொண்டே வீடியோவில் பேசினாள். நம் மெரினா மாதிரி மணல் இல்லை, கரை முழுக்கக் கூழாங்கல். நீலமான கடல். நடைபாதை ஓரம் நீல நிற நாற்காலிகள். கம்பளிக் கோட்டு போட்ட நாலைந்து கிழவர்கள் அதில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். வேறு ஆளில்லை.

என் மனைவி போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "ஆளில்லாம எவ்வளவு நல்லா இருக்குது பாருங்க. ஒகேனக்கல் இந்த மாதிரி இருக்கும்னா நான்கூட வருவேன்."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. 1986-க்குப் பிறகு அவள் ஒகேனக்கல்லுக்கு வந்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் விருந்தாளிகளோடு நான் போவேன், அவள் வீட்டில் இருந்துகொள்வாள். கேட்டால், "எனக்குக் கூட்டம் ஆகாது" என்பாள். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

மகள் காட்டிய அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு ஆஃப் சீசன் என்று சொல்லும் குளிர் காலம்தான் ஒரு காலத்தில் அந்த ஊருக்கு சீசன். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் தங்கள் ஊர்க் குளிருக்குப் பயந்து அங்கே போய் மாதக்கணக்கில் தங்குவார்கள். வெயில் காலம் வந்தால் கிளம்பிவிடுவார்கள். விக்டோரியா மகாராணிகூட 1890-களில் போய்த் தங்கியிருக்கிறார். வெயிலில் கடல் குளிக்கும் பழக்கம் வந்ததெல்லாம் 1920-களுக்குப் பிறகுதான். அந்த நடைபாதைக்கே 'ஆங்கிலேயர் நடைபாதை' என்றுதான் பெயர். 1820-களில் அந்த ஊரில் பிழைப்பில்லாமல் பிச்சை எடுத்தவர்களுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று, அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயர்கள் பணம் போட்டுப் போடவைத்த பாதையாம் அது. 2021-இல் யுனெஸ்கோ அந்த ஊரைக் குளிர்கால ஓய்வு நகரம் என்று சொல்லித்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆக சீசன் என்பது வருகிறவன் வைத்த பெயர். அங்கேயே இருக்கிறவனுக்கு வருடம் முழுக்க வயிறு இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஒகேனக்கல் போய்வந்த பிறகுதான் உறைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தருமபுரி பஸ் நிலையத்தில் ஏறினோம். மொத்தம் 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரை பஸ்ஸில் கூட்டம் இருந்தது. அங்கே எல்லோரும் இறங்கியபின் மிஞ்சியது பத்துப் பேர்தான். மடம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் காடு. மாசி மாதத்துக் காடு இலை உதிர்த்து எலும்பாக நின்றது. ஆடியில் போனால் இந்த இடமெல்லாம் பச்சையாக இருக்கும், கார்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். அன்றைக்கு ரோட்டில் எங்கள் பஸ்ஸும் குரங்குகளும்தான். "யானை வருமா?" என்று மனைவி கண்டக்டரிடம் கேட்டாள். "சாயங்காலம் தண்ணிக்கு இறங்கும்மா. நீங்க அதுக்குள்ள திரும்பிடுங்க" என்றார்.

ஒகேனக்கல்லில் இறங்கியதும் எனக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. காது கிழிகிற பாட்டு இல்லை, விசில் இல்லை. பாதிக் கடைகளில் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. திறந்திருந்த கடையிலும் பிளாஸ்டிக் பொம்மைகளின் மேல் தூசு. எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள் நாலு பேர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மர நிழலில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து வந்து, "ஐயா, தேச்சு விடட்டுங்களா? காலையிலேர்ந்து இன்னும் போணி ஆவல" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். ஆடிக் கூட்டத்தில் பத்துப் பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள், அப்போதும் இப்படித்தான் தலையை ஆட்டிவிட்டு நடப்பேன். ஒருவர் மட்டும் வந்து கேட்டுவிட்டு, பதில் கிடைத்ததும் பேசாமல் திரும்பிப்போய் உட்கார்ந்தது என்னவோ செய்தது.

ஆற்றைப் பார்த்தோம். புகையும் கல் என்று கன்னடத்தில் பெயர் வைத்த அந்தப் புகை அன்றைக்கு இல்லை. மெயின் அருவியில் நாலைந்து வெள்ளைக் கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். ஆனால் பாறைகள் தெரிந்தன. ஆடியில் தண்ணீருக்கு அடியில் இருக்கிற பாறைகள். அடுக்கடுக்காக, குடைந்து குழிவாக, சாம்பலும் கருப்புமாகப் படுத்திருந்தன. ஒகேனக்கல் வட்டாரத்தில் கார்பனடைட் என்று ஓர் அபூர்வப் பாறை வகை இருக்கிறது. அதன் வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று புவியியல்காரர்கள் சொல்கிறார்கள். இத்தனை தடவை வந்தும் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறேன், பாறையைப் பார்த்ததில்லை.

நான் கருவூலத்தில் 32 வருடம் கணக்கு எழுதியவன். எதைப் பார்த்தாலும் கணக்குப் போடும் வியாதி உண்டு. ஒகேனக்கல்லுக்கு மேலே, எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில்தான் கர்நாடகத்திலிருந்து வருகிற காவிரித் தண்ணீரை மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பில், அங்கே ஒரு வருடத்துக்கு 192 டி.எம்.சி. வர வேண்டும் என்று மாதவாரியாகப் பிரித்திருந்தார்கள். ஆகஸ்டுக்கு 50 டி.எம்.சி., பிப்ரவரிக்கு வெறும் இரண்டரை. (2018-இல் உச்ச நீதிமன்றம் 192 என்பதை 177.25 ஆகக் குறைத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.) இதை நமக்குப் பழக்கமான வினாடிக் கணக்கில் மாற்றினால், ஆகஸ்டில் வினாடிக்குச் சுமார் 18,700 கன அடி. பிப்ரவரியில் சுமார் 1,030. பதினெட்டில் ஒரு பங்கு. காகிதத்தில் போட்ட கணக்கே இது. நிஜத்தில் 2018, 2024 மாதிரி வருடங்களில் ஆடி மாதம் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனதையும் பார்த்திருக்கிறோம்.

மனைவிக்குப் பரிசலில் போக ஆசை. முட்டியோடு ஏறி இறங்க முடியுமா என்று எனக்குப் பயம். டிக்கெட் எடுத்துக்கொண்டு துறைக்குப் போனால் பரிசல்கள் கவிழ்த்துப் போட்டிருந்தன, ஆமைகள் வெயில் காய்கிற மாதிரி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து வந்தார். ஒரு பரிசலை நிமிர்த்தித் தண்ணீரில் போட்டு, அது ஆடாமல் ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நடுவுல காலை வையுங்க. என் தோளைப் பிடிச்சுக்குங்க, பரவாயில்ல" என்றார். ஆடியில் இந்த நிதானம் கிடைக்காது. லைஃப் ஜாக்கெட்டையும் அவரே மாட்டிவிட்டார்.

மூங்கில் பிளாச்சை வட்டமாகப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்துத் தார் பூசியிருந்தது. "முன்னெல்லாம் மாட்டுத்தோல் போடுவாங்க சார், எங்கப்பா காலத்துல" என்றார். ஒற்றைத் துடுப்பு. தண்ணீர் குறைவாக இருந்ததால் சில இடங்களில் துடுப்பைக் கல்லில் ஊன்றித் தள்ளினார். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. எதிர்க்கரை கர்நாடகம். சத்தமே இல்லை. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"இன்னிக்கு எத்தனை சவாரி?" என்று கேட்டேன்.

"நீங்கதான் சார் மொதல். முறை வச்சு ஓட்டறோம். எனக்கு மூணு நாளா முறை வரல."

"அப்போ சீசன்லதான் சம்பாத்தியமா?"

சிரித்தார். "சீசன்னா எது சார்? ஆடியில கூட்டம் வரும், ஆனா தண்ணியும் வரும். தண்ணி ஏறினா பரிசலுக்குத் தடை போட்டுடுவாங்க. 2024-ல ஆடி பதினெட்டுக்கே தடை. கூட்டம் இருக்கும்போது ஓட்ட முடியாது. மாசி பங்குனியில ஓட்டலாம், கூட்டம் இருக்காது. ரெண்டுக்கும் நடுவுல கெடைக்கிறதுதான் எங்களுக்கு."

"மத்த நாள்ல?"

"நான் மீன் பிடிப்பேன். பையன் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போறான். ஆடி வந்தா வருவான். தடைன்னா திரும்பப் போயிடுவான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. 32 வருடம் சம்பளம், அதன் பிறகு ஓய்வூதியம். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். மழை பெய்தாலும் வரும், பெய்யாவிட்டாலும் வரும். ஆயிரக்கணக்கான பேருடைய சம்பளப் பட்டியலைப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். வருகிற பணத்தின் தேதி தெரியாமல் ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்று யோசித்ததே இல்லை.

அப்போது என் மனைவி அவரிடம் கேட்டாள்: "உங்கப்பாவும் இங்கதான் பரிசல் ஓட்டினாரா?"

"ஆமாம்மா. சாவற வரைக்கும் ஓட்டினாரு."

"எண்பத்தாறுல ஓட்டினாரா?"

"அப்போ நல்லா ஓட்டிக்கிட்டிருந்தாரு. ஏம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா கேட்டேன்" என்று அவள் தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது.

1986, ஆடி பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை வேறு. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். சேலத்திலிருந்து என் அக்கா குடும்பம் வந்திருந்தது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து பேரம் பேசிப் பரிசல் ஏறினோம். நாற்பது ரூபாய் என்று பேச்சு. கூட்டத்தினால் அவர் மணல் திட்டு வரை போகாமல் பாதியில் திருப்பினார். கரைக்கு வந்ததும் நான், "பாதி தூரம்தானே வந்தே" என்று இருபத்தைந்து ரூபாயைக் கொடுத்தேன். அவர், "இந்த ஒரு மாசம்தான் சார் எங்களுக்குச் சோறு" என்றார். நான் அக்கா வீட்டுக்காரர் முன்னால் கெத்தாக, "ஒரே நாள்ல என் அரை மாசச் சம்பளத்தை எடுக்கறீங்க, போய்யா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மாமா சிரித்தார். அந்த ஆள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு எனக்கு அது மறந்தே போனது. அவளுக்கு மறக்கவில்லை. "கூட்டம் ஆகாது" என்று இத்தனை வருடம் அவள் சொன்னதற்கு இதுதான் அர்த்தமா என்று அங்கேயே கேட்கலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

இவர் அப்பாதான் அவரா? அன்றைக்கு அந்த ஆற்றில் எத்தனையோ பரிசல்கள். முகம்கூட எனக்கு நினைவில்லை. கணக்கில் சில பதிவுகள் நேராகாமலே நிற்கும். எதிர்ப்பதிவு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது.

கரை ஏறியதும் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "டிக்கெட்டுலேயே என் கூலி வந்துடும் சார். இது ரொம்ப அதிகம். ஒண்ணு செய்யுங்க, சாப்பாட்டு நேரம் ஆச்சு. அதோ அந்த நாலாவது கடை என் சம்சாரம் கடைதான். மீன் சாப்பிட்டுட்டுப் போங்க, அவளுக்கு வியாபாரமாகும்" என்றார்.

ஒகேனக்கல்லில் இது ஒரு வசதி, உங்களுக்கும் தெரிந்திருக்கும். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கே இருக்கிற பெண்களே சமைத்துக் கொடுப்பார்கள். அந்த அம்மா ஒரு கட்லா மீனை எங்கள் கண் முன்னால் நறுக்கினார். விறகு அடுப்பில் குழம்பு, கல்லில் வறுவல், சுடச்சுடச் சோறு. என் மனைவி சும்மா இருப்பாளா? பக்கத்தில் போய் உட்கார்ந்து, எவ்வளவு புளி போடுகிறார் என்று பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் குடும்பக் கதை பேசினாள். ஆடிக் கூட்டத்தில் அந்த அம்மாவுக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருந்திருக்காது.

எவ்வளவு என்று கேட்டதும் அந்த அம்மா விலை சொன்னார். பழக்க தோஷம், "கொஞ்சம் பார்த்து..." என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கேட்டதைக் கொடுத்தேன்.

திரும்பும்போது மர நிழலில் அந்த மசாஜ்காரர் அங்கேயே இருந்தார். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. போய் உட்கார்ந்தேன். தலைக்கும் தோளுக்கும் நன்றாகத் தேய்த்து விட்டார். மனைவி எதிரே கல்லில் உட்கார்ந்து, "போணி பண்ணிட்டீங்க" என்று சிரித்தாள்.

அவள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பல்லில் காவியாகப் படிந்துவிட்டதே, அதனால்தான். ஜப்பான் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபின் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இந்த ஆற்றுத் தண்ணீர் போகிறது. நம் பேரப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இந்த மாசியில் மெலிந்து கிடக்கிற ஆறுதான் அதற்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆஃப் சீசன் கிடையாது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேவிட்டேன். "அந்தப் பதினஞ்சு ரூபாய்க்காகவா இத்தனை வருஷம் வரல?"

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரூபாய்க்கு இல்லீங்க. எங்கப்பாவும் அப்படித்தான் வெள்ளாமை வித்துட்டுச் சந்தையில உக்காந்திருப்பாரு. பேசின விலையைக் குறைச்சுக் குடுத்துட்டுப் போவாங்க. ஒண்ணும் கேக்க முடியாது. அன்னிக்கு அந்த ஆளைப் பார்த்தப்போ எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. உங்க அக்கா முன்னால எப்படிச் சொல்றது?"

பென்னாகரம் வரை நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அங்கே பூ விற்கிற பெண் ஜன்னலோரம் வந்தாள். இரண்டு முழம் வாங்கிக் கொடுத்தேன். விலை கேட்கவில்லை. "இதுக்கு மட்டும் கேக்கலாம்" என்றாள். அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

தினமும் காலையில் பேப்பரில் ஒகேனக்கல் நீர்வரத்து இத்தனை கன அடி என்று போடுவார்கள். முன்பு மேட்டூர் எப்போது நிரம்பும் என்று பார்ப்பதற்காகப் படிப்பேன். இப்போது வேறு இரண்டு விஷயங்களும் மனதில் ஓடுகின்றன. இன்றைக்குப் பரிசல் விட்டிருப்பார்களா, அவருக்கு முறை வந்திருக்குமா?

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியில் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாசியிலோ பங்குனியிலோ, பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற ஒரு செவ்வாய், புதன்கிழமை பார்த்து ஒருமுறை போய் வாருங்கள். முட்டி வலி உள்ளவர்களும் போகலாம், பரிசல்காரர்கள் பத்திரமாக ஏற்றி இறக்குவார்கள். மதியம் அங்கேயே மீன் சாப்பிடுங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். தயவு செய்து பேரம் மட்டும் பேசாதீர்கள்.